அறுபது நிமிடமும் இளவரசி என்ன செய்தாள்?

‘டேஞ்சரஸ் டேவ்’ நல்ல கேம் இல்லை. இப்படிச் சொன்னால் என் வயதுக்காரர்கள் பலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். தொண்ணூறுகளில் டாஸ், லோட்டஸ், வேர்டுஸ்டார் படிக்கிறேன் என்று கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தவர்கள், சார் டீ குடிக்கக் கீழே இறங்கியதும் திறந்தது அதைத்தான். தொப்பி போட்ட குட்டி மனிதன். கோப்பையை எடுத்தால்தான் கதவு திறக்கும். மொத்தம் பத்து லெவல். எனக்கும் பிடிக்கும். ஆனால் பிடிப்பது வேறு, நன்றாக இருப்பது வேறு. போன மழைக்காலத்தில் அதை மறுபடி நிறுவி, நிதானமாக உட்கார்ந்து ஆடினேன். பொத்தானை லேசாகத் தட்டினாலும் அழுத்திப் பிடித்தாலும் டேவ் ஒரே உயரம்தான் குதிக்கிறான். திரையின் விளிம்புக்குப் போனால் படம் கூடவே நகர்வதில்லை, அடுத்த பக்கம் மொத்தமாக வந்து விழுகிறது. எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்ப்பதற்குள் ஒரு லைஃப் போய்விடும்.

அதை எழுதிய ஜான் ரொமேரோவைக் குறை சொல்லவில்லை. 1988இல் ஆப்பிள் 2 கணினிக்காக, பிளாப்பியில் வெளியான ஒரு வட்டுப் பத்திரிகைக்கு அவர் எழுதிக்கொடுத்தது அது. நாம் ஆடிய டாஸ் வடிவம் 1990இல் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவருடைய சகா ஜான் கார்மாக், சாதாரண பி.சி.யில் திரையை வழுக்கிக்கொண்டு நகரவைப்பது எப்படி என்று கண்டுபிடித்தார். அவரும் டாம் ஹாலும் சேர்ந்து, ‘சூப்பர் மாரியோ 3’இன் முதல் லெவலை அப்படியே பெயர்த்து, மாரியோ இருந்த இடத்தில் டேவை நிறுத்தி, ரொமேரோவின் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘காப்புரிமை மீறலில் டேஞ்சரஸ் டேவ்’. அந்தத் தந்திரத்திலிருந்துதான் ‘கமாண்டர் கீன்’ வந்தது. 1993இல் இந்தக் கூட்டமே ‘டூம்’ செய்தது. நம்முடைய டேவ் இவர்கள் கை பழகிய பயிற்சி நோட்டு. அதைப் பொக்கிஷம் என்று நாம் கொண்டாடுவதற்குக் காரணம், அப்போது நமக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை.

நான் பாளையங்கோட்டையில் கணக்கு எழுதுபவள். முருகன்குறிச்சியில் ஒரு மாடிப்படி ஏறினால் என் அலுவலகம். மாதம் 11ஆம் தேதிக்குள் ஒரு ரிட்டர்ன், 20ஆம் தேதிக்குள் இன்னொன்று. அதற்கு இடைப்பட்ட இரவுகளில், சமையலறை விளக்கை அணைத்த பிறகு, கேம் ஆடுவேன். தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத அலுவலக மடிக்கணினி என்பதால் பெரிய நிறுவனங்களின் புதுக் கேம்கள் அதில் ஓடாது. ஆகவே எனக்கு வாய்த்தவை இரண்டு வகைதான்: பழசு, அல்லது ஓரிருவர் சேர்ந்து சொந்தமாகச் செய்தது. வசதிக்குறைவில் தொடங்கியது இப்போது ருசியாகிவிட்டது.

என் தங்கை மகன் பத்தாம் வகுப்பு. போனில் துப்பாக்கியோடு பாராசூட்டில் குதிக்கிற ரகம். என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “என்ன பெரியம்ம, இதுல கிராபிக்ஸே இல்லயே, காசு குடுத்தா வாங்குனிய?” என்பான். அவனுக்குச் சொல்லும் பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். ஒரு கேமை நான் அளப்பது இப்படி: செய்தவர் எதையெல்லாம் வேண்டாம் என்று விட்டார், அது எனக்குத் தெரிகிறதா? கையில் இருந்ததை எல்லாம் கொட்டி நிரப்பினாரா, அல்லது உட்கார்ந்து யோசித்துச் சிலவற்றை வெட்டினாரா? பழசு, புதுசு என்பதைவிட இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியம்.

‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ இந்த அளவுகோலில் இன்றும் தேறுகிறது. 1989இல் ஜோர்டன் மெக்னர் கிட்டத்தட்ட ஒற்றையாளாகச் செய்தது. ஓடியும் தாவியும் காட்டியது அவர் தம்பி டேவிட்; அதை வீடியோவில் பிடித்து, ஒவ்வொரு சட்டமாக நிறுத்தி, உருவத்தின் மேல் கோடு போட்டு எடுத்தார். வாள்சண்டை 1938ஆம் ஆண்டு ‘ராபின் ஹுட்’ படத்தில் எர்ரால் ஃபிளின் போடும் சண்டையைப் பார்த்து வரைந்தது. இசை அவருடைய அப்பா. இப்படி வீட்டு ஆட்களை வைத்தே முடித்த வேலையில், கடைசியில் நினைவகம் தீர்ந்துபோனது. ஆப்பிள் 2இல் இருந்ததே கொஞ்சம்தான். எதிரி ஒருவனை வரைய இடமில்லை. இருந்த இளவரசனின் படங்களையே ஒரு சின்னக் கணக்குத் தந்திரத்தால் வெளிறிய நிழலாக மாற்றினார். கேமின் ஆன்மாவே அந்த நிழல்மனிதன்தான். நான்காவது லெவலில் கண்ணாடிக்குள் பாயும்போது உங்களிடமிருந்து பிரிந்து ஓடுகிறான். ஐந்தாவதில் உங்களுக்கான மருந்தைக் குடித்துவிடுகிறான். ஆறாவதில் உங்களைப் பள்ளத்தில் விழவைக்கிறான். பன்னிரண்டாவதில் நேருக்கு நேர் வருகிறான். அவனை வெட்டினால் உங்கள் உயிர்தான் குறையும். வாளை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கிப் போக வேண்டும், இருவரும் ஒன்றாகிவிடுவீர்கள். இதை யாரும் எழுதிக் காட்டுவதில்லை, உங்கள் விரல் கண்டுபிடிக்க வேண்டும். கேம் என்ற வடிவத்தால் மட்டுமே சொல்லக்கூடிய விஷயம் என்று நான் யாருக்காவது காட்ட வேண்டுமானால் இன்றும் இதைத்தான் காட்டுவேன்.

குறையும் இருக்கிறது. லெவலின் கோடியில் ஒரு கத்திப் பொறியில் சிக்கினால் லெவலின் தொடக்கத்துக்கே போக வேண்டும். ஏற்கெனவே திறந்த கதவுகளை மறுபடி திறந்து, ஏற்கெனவே கொன்ற காவலனை மறுபடி கொல்ல வேண்டும். மணி ஓடிக்கொண்டே இருக்கும். பழைய கேம்கள் கடினமானவை, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை இல்லை என்று பெருமை பேசுகிறார்களே, அந்தக் கடினத்தில் பாதி இந்த மாதிரி இழுவைதான். வட்டில் இடம் குறைவு, உள்ளே சரக்கும் குறைவு. ஆடுகிறவரைத் திரும்பத் திரும்பச் சாகடித்தால்தான் வாங்கிய காசுக்கு நாள் போகும். காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்திலிருந்து வந்த பழக்கம் அது. அதைக் கலை என்று நான் ஏற்கமாட்டேன்.

பிறகு அந்த இளவரசி. மந்திரி ஜாஃபர் கொடுத்த கெடு 60 நிமிடம்: என்னை மணந்துகொள், இல்லையேல் சாவு. அந்த அறுபது நிமிடமும் அவள் மணற்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அறையில் இருக்கிறாள். அவள் செய்யும் ஒரே காரியம் எட்டாவது லெவலில் ஒரு சுண்டெலியை அனுப்பிக் கதவைத் திறக்கவைப்பது. எலியைப் பழக்கி, இவ்வளவு பெரிய கோட்டையில் சரியான பொத்தானை மிதிக்கவைக்கத் தெரிந்த பெண்ணுக்குத் தன் அறைக்கதவைத் திறக்கத் தெரியாதா? எனக்கு இந்தக் கேள்வி பாவாடை தாவணி வயதிலேயே இருந்தது. சென்டரில் என் பக்கத்து இருக்கையில் ஆடிய பையன்கள் யாரும் இதைக் கேட்டதாக நினைவில்லை.

‘ரோட் ராஷ்’ பற்றி ஒரு பத்தி போதும். மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டே பக்கத்தில் வருபவனைச் சங்கிலியால் அடிப்பது முதல் அரை மணி நேரம் ஆனந்தம். அதற்குப் பிறகும் அதே சங்கிலி, அதே சாலை, அதே போலீஸ். பாட்டுகள் நன்றாக இருக்கும். நண்பர்களோடு கூடி ஆடியதால் இனித்தது; தனியாக ஆடிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

என் அளவுகோலை உடைக்கும் கேம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’. 1999இல் வந்தது, ஒற்றையாள் வேலை கிடையாது, பெரிய குழு, பின்னால் மைக்ரோசாஃப்ட். எதையும் வெட்டாமல் ஆண்டுக்கு ஆண்டு சேர்த்துக்கொண்டே போகிறார்கள், ஆனாலும் நிற்கிறது. 2022இல் வந்த இந்திய அரசவம்சங்கள் பற்றிய விரிவாக்கத்தில் திராவிடர் என்று ஒரு தரப்பைச் சேர்த்தார்கள். சொடுக்கினால் ஆட்கள் தமிழில் பதில் சொல்கிறார்கள். உருமி சுழற்றும் வீரன் இருக்கிறான், ராஜேந்திர சோழனின் படையெடுப்பு தனிக் கதையாக இருக்கிறது. முதல்முறை கேட்டபோது எனக்கும் சிலிர்த்தது, மறைக்கவில்லை. ஆனால் சிலிர்ப்புக்கு மதிப்பெண் போடக் கூடாது. ஆடிப் பார்த்தால், கடலும் ஆறும் இருக்கிற வரைபடத்தில் திராவிடர் பலசாலி, வெட்டவெளியில் குதிரைப்படை சோதா. உருக்கு எஃகு ஆராய்ச்சியை முடித்துவிட்டால் எதிரியின் கவசம் பயனற்றுப்போகும். அதுவரை தாக்குப்பிடிப்பதுதான் பாடு. இந்தக் கோணல்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. நம்மைப் பெருமைப்படுத்த வேண்டும் என்று எல்லாவற்றிலும் பலசாலியாக்கியிருந்தால் இரண்டு நாளில் அலுத்திருக்கும்.

இனி சொந்தமாகச் செய்பவர்களிடம் வருகிறேன். லூகாஸ் போப் என்பவரின் ‘பேப்பர்ஸ், பிளீஸ்’, 2013. ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாடு, 1982ஆம் ஆண்டு. நீங்கள் எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டு பார்க்கும் குமாஸ்தா. அவ்வளவுதான் கேம். வரிசையில் வருபவர் நீட்டும் தாள்களை மேசையில் பரப்பி, பெயர், பிறந்த தேதி, முத்திரை, காலாவதி என ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்த வேண்டும். ஒழுங்காக முடித்த ஆளுக்கு 5 பணம். நாளில் முதல் இரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கைச் சீட்டு, மூன்றாவதிலிருந்து சம்பளத்தில் பிடித்தம். மாலையில் வீட்டுக் கணக்கு வரும்: வாடகை, சாப்பாடு, குளிருக்கு வெப்பம். மனைவி, மகன், மாமியார், மாமா. பணம் போதாவிட்டால் யாருக்கு மருந்து வாங்குவது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கொள்முதல் பதிவேட்டையும் அரசு இணையதளத்தில் வரும் பட்டியலையும் பக்கத்தில் வைத்து, பில் எண்ணில் ஒரு சுழி விடுபட்டிருக்கிறதா என்று தேடிப் பிழைப்பவள் நான். முழு நாளும் செய்ததையே இரவில் எதற்குச் செய்கிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். அந்த கேமின் ஐந்தாவது நாளில் ஒரு கணவன் வருகிறான், தாள் எல்லாம் சரி. போகும்போது, அடுத்து வருபவள் என் மனைவி, தயவு செய்யுங்கள் என்கிறான். அவளிடம் நுழைவு அனுமதி இல்லை. திருப்பி அனுப்பினால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். விட்டால் எனக்கு ஒரு தவறு. அன்றைக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை வாங்கியிருந்தால் மகனுக்கு மருந்து இல்லை. இதை ஒரு சினிமாவில் பார்த்திருந்தால் கண்ணைத் துடைத்துவிட்டு எழுந்திருப்பேன். இங்கே முத்திரைக் கட்டை என் கையில் இருக்கிறது, பின்னால் வரிசை நிற்கிறது, மணி ஆகிக்கொண்டிருக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவரைப் பற்றி யோசிக்கவே நேரம் விடாத ஒரு வேலையை, யோசிக்க நேரம் விடாமலே காட்டியிருக்கிறார் போப். இசை, ஓவியம், சண்டை, அழகான நிலக்காட்சி எல்லாவற்றையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு மேசையை மட்டும் வைத்துக்கொண்ட துணிச்சல் அது.

அவரே 2018இல் ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ செய்தார். பழைய மாக்கிண்டாஷ் திரைபோல் இரண்டே நிறம். 1802இல் லண்டனிலிருந்து கிளம்பிக் காணாமல்போன ஒரு வணிகக் கப்பல் 1807இல் ஆளில்லாமல் திரும்புகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய காப்பீட்டு அதிகாரி நீங்கள். கப்பலில் இருந்தவர்கள் 60 பேர். ஒவ்வொருவரும் யார், என்ன ஆனார், கொன்றது யார் என்று பேரேட்டில் எழுத வேண்டும். எழுதியதில் மூன்று பேர் விவரம் சரியானால்தான் கேம் அதை உறுதிசெய்யும். ஆகவே குருட்டாம்போக்கில் அடித்துவிட முடியாது. பேச்சில் தெரியும் ஊர் வாடை, காலில் போட்டிருக்கும் செருப்பு, தூங்கும் தொங்குபடுக்கையில் எழுதிய எண் எல்லாமே தடயம். நம் கடற்கரைகளிலிருந்து லஸ்கர் என்று பெயர் சூட்டிக் கம்பெனிக் கப்பல்களில் ஏற்றிச் சென்றார்களே, அப்படி இந்திய மாலுமிகளும் இதில் உண்டு. வரலாற்றுப் புத்தகத்தில் மொத்தமாக ஒரு எண்ணாக வருகிற ஆட்களை, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் பேரேட்டில் ஏற்றாமல் இந்த கேமை முடிக்க முடியாது. நான் ஆடியதிலேயே சிறந்த கேம் எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். ஒரே குறை, முடித்தபின் மறுபடி ஆட முடியாது. எல்லாம் தெரிந்துவிடுகிறது. மறதி வரும் வயதுக்காகக் காத்திருக்கிறேன்.

எல்லாரும் புகழும் ‘ஸ்டார்டியூ வேலி’ எனக்கு ஒட்டவில்லை. எரிக் பரோன் என்ற ஒற்றை ஆள் நாலு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து, படம், இசை, வசனம் என்று அத்தனையையும் தானே செய்து 2016இல் வெளியிட்டார். விற்ற பிரதிகள் 4 கோடியைத் தாண்டிவிட்டன. உழைப்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. நகரத்து அலுவலக வேலையை உதறிவிட்டு, தாத்தா விட்டுப்போன பண்ணைக்கு வருகிறீர்கள். விதைக்கிறீர்கள், தண்ணீர் ஊற்றுகிறீர்கள், அறுத்துப் பெட்டியில் போடுகிறீர்கள், மறுநாள் காலை பணம் வந்துவிடும். பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் எங்கள் அப்பாவுக்குத் துண்டு வயல் இருந்தது. கார் பருவத்துக்குத் தண்ணீர் வருமா, பிசானப் பருவம் முழுசாகத் தேறுமா என்று பேசாத சாப்பாட்டு வேளை எங்கள் வீட்டில் கிடையாது. இந்த கேமில் நீங்கள் எவ்வளவு விளைவித்துக் கொட்டினாலும் விலை இறங்குவதே இல்லை. தரகர் இல்லை, மடைத் தகராறு இல்லை, கூட்டுறவுக் கடன் இல்லை. களைத்துப்போன நகரவாசிகளுக்கு அது ஆறுதல் என்பது புரிகிறது. எனக்கு அது விவசாயமாகத் தெரியவில்லை, பூவேலை செய்த வருகைப்பதிவேடாகத் தெரிகிறது. காலை ஆறு மணிக்கு எழுந்து, மாட்டைத் தடவி, கோழியைத் தடவி, செடிக்கு நீர் விட்டு, யாருக்குப் பிறந்தநாள் என்று நாள்காட்டி பார்த்து, பரிசு கொடுத்து… இதெல்லாம் ஏற்கெனவே எனக்கு வீட்டில் இருக்கிறது. பரோன் எதையுமே வேண்டாம் என்று சொல்லவில்லை. மீன்பிடி, சுரங்கம், கல்யாணம், குழந்தை, எல்லாம் இருக்கிறது. ஒருவரே செய்த கேம் என்றாலும் என் கணக்கில் இது நிரம்பி வழிகிற கேம்.

‘பிரெய்ட்’ கேமில் காலத்தைப் பின்னோக்கி ஓட்டும் புதிர்கள் அற்புதம். நடுநடுவே புத்தகம் விரித்துப் படிக்கவைக்கும் காதல் தத்துவம் தாங்கவில்லை. ‘அண்டர்டேல்’ என் தங்கை மகன் வயதில் ஆட வேண்டியது. ‘ஹாலோ நைட்’ அழகு, ஆனால் செத்த இடத்துக்கே திரும்ப நடக்கவைக்கும் பழைய வியாதி அதிலும் இருக்கிறது. அந்த வியாதிக்கு மருந்து கண்டவர்கள் ‘செலஸ்ட்’ செய்தவர்கள். 2018இல் வந்த மலையேறும் கேம். கடினமோ கடினம், ஆனால் விழுந்த மறுநொடியே விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள், காத்திருப்பு இல்லை. அதற்கும் மேல், உதவி முறை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். வேகத்தைப் பாதியாகக் குறைக்கலாம், களைப்பே வராமல் செய்யலாம், சாகாமலே ஏறலாம். கேலி செய்வதில்லை, மதிப்பெண் குறைப்பதில்லை. நாற்பது தாண்டி, விரல் மூட்டு காலையில் மடங்க மறுக்கிற எனக்கு இது பெரிய மரியாதை. இதை ஏமாற்று என்று சொல்லும் வீரர்கள் கண்ணாடி போடாமல் பேப்பர் படிக்கட்டும்.

‘வெண்பா’ கேம் பற்றித் தமிழர்கள் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. 2023இல் டொரான்டோவிலிருந்து ஒரு சின்னக் குழு கொண்டுவந்தது. எண்பதுகளில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம். அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். அம்மாவின் அம்மா எழுதிவைத்த, சேதமடைந்த சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்கிறோம். 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருது, சொந்தமாகச் செய்யும் கேம்களுக்கான திருவிழாவின் தலைமைப் பரிசு இரண்டும் அதற்குக் கிடைத்தன. முதல் புதிரே இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதுதான்: ஒரு தட்டின் குழி இன்னொன்றின் குழிக்கு நேராக வரக் கூடாது. அமெரிக்க விமர்சகர்கள் இதை மெச்சினார்கள். நம் வீட்டில் இது புதிரே இல்லை. தப்பாகச் செய்தால் மறுபடி செய்யலாம்; எதுவும் தீய்ந்துபோய்க் குடும்பம் பட்டினி கிடப்பதில்லை. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கதை மனதைப் பிசைகிறது, கைக்கு வேலை குறைவு. ஆடினேன் என்பதைவிடப் பார்த்தேன் என்றே சொல்லத் தோன்றுகிறது. தோல்வியை வெட்டிவிட முடிவு செய்திருக்கிறார்கள், வெட்டியிருக்க வேண்டாம்.

ஆனால் ஒரு இடம். கவின் வளர்ந்து, அம்மாவின் தமிழ்க் குறிப்பைத் தட்டுத்தடுமாறிப் படித்துக்கொண்டு தானே அடுப்பு முன் நிற்கிறான். அதுவரை சரளமாகச் சமைத்த நம் கை, அவனுடைய கை ஆனதும் திணறுகிறது. அவன் எதை இழந்தான் என்று ஒரு வசனமும் இல்லாமல் தெரிகிறது. அந்தச் சில நிமிடங்களுக்காக மற்ற எல்லாவற்றையும் மன்னித்தேன். பின்னணியில் ஒலிக்கும் பாட்டுகளையும் அந்தந்தக் காலத் தமிழ்த் திரையிசையின் சாயலில் புதிதாகவே செய்திருக்கிறார்கள். கண்ணை மூடினால் நம் வீட்டு வானொலிதான்.

இதையெல்லாம் செய்தித்தாளில் ஏன் எழுத வேண்டும்? வெள்ளிக்கிழமை ஐந்து படம் வந்தால் ஐந்துக்கும் விமர்சனம் வருகிறது. கேம் நம் பத்திரிகைகளில் வருவது குற்றச்செய்திப் பக்கத்தில் மட்டும்: பணம் இழந்த இளைஞர், போனைப் பிடுங்கியதால் கோபித்த சிறுவன். பணம் கட்டி ஆடும் சூதாட்டத்தைத் தமிழ்நாடு 2023இல் சட்டம் போட்டுத் தடுத்தது, மத்திய அரசு 2025இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டையும் நான் வரவேற்கிறேன். வாடிக்கையாளர் ஒருவரின் வங்கிக் கணக்கில் அந்தச் சூது செய்த வேலையை வரிவரியாகப் பார்த்தவள் நான். ஆனால் ரம்மிச் செயலியும் ‘ஓப்ரா டின்’னும் ஒரே தலைப்பின் கீழ் திட்டு வாங்கும்போது, என் தங்கைக்கு மகனிடம் எதைத் தடுப்பது, எதைக் கொடுப்பது என்று தெரியாமல்போகிறது. எல்லாவற்றையும் தடுக்கிறாள். அவன் ஒளிந்து ஆடுகிறான்.

பழசைப் பாதுகாக்கும் விஷயமும் இருக்கிறது. 2023இல் அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அங்கே வெளியான கேம்களில் 87 விழுக்காடு இப்போது கடையில் வாங்கக் கிடைக்காது. ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வின் மூல நிரலே காணாமல்போய், 2012இல் மெக்னரின் அப்பா அலமாரியைக் கிளறும்போது கிடைத்த பிளாப்பிப் பெட்டியிலிருந்துதான் மீண்டது. அவ்வளவு புகழ்பெற்ற கேமுக்கே அப்பாவின் அலமாரிதான் காப்பகம். உலாவியில் ஆடிய ஆயிரக்கணக்கான ஃபிளாஷ் கேம்கள் 2020 முடிவோடு கண் மூடின. ஆர்வலர்கள் கிடைத்ததைத் திரட்டி வைத்திருக்கிறார்கள். நம் மாவட்ட மைய நூலகங்களில் பழைய கணினிகளுக்குப் பஞ்சமில்லை. ஒன்றில் சட்டப்படி கிடைக்கும் பழைய கேம்களை ஏற்றி, பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டால் என்ன? இரண்டாவது நாற்காலி அவசியம். பார்த்துக்கொண்டிருப்பவர் சொல்லும் யோசனையில்தான் பாதி லெவல் தாண்டுவோம்.

தங்கை மகனுக்கு ‘பேப்பர்ஸ், பிளீஸ்’ கொடுத்துப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவான் என்று நினைத்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை எழவில்லை. “பெரியம்ம, அந்த மாமியாருக்கு மருந்து வாங்கலன்னா என்னாவும்?” என்று கேட்டான். நீயே பார் என்றேன். கிராபிக்ஸ் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மறுபடி பாராசூட்டில்தான் குதித்தான், அதையும் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. கோயம்புத்தூரிலோ தென்காசியிலோ நிரல் எழுதத் தெரிந்த யாராவது, வீட்டில் உட்கார்ந்து, ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தை வைத்துக் கேம் செய்ய வேண்டும். மேசையில் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, ஆதார். ஒன்றில் சுப்பையா, இன்னொன்றில் எஸ். சுப்பையா பிள்ளை, சர்வே எண்ணின் உட்பிரிவில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது, வாரிசுச் சான்றில் ஒரு மகளின் பெயரே இல்லை, அந்த மகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பெரிய ஓவியம் வேண்டாம், சண்டை வேண்டாம். மேசை, முத்திரை, கைரேகை மை. சாதாரண நாளில் கொஞ்சம் டோக்கன், முகூர்த்த நாளில் கூடுதல் டோக்கன். சர்வர் நடுவில் நின்றுபோக வேண்டும். வெளிவரும் அன்றே முழு விலைக்கு வாங்கிக்கொள்கிறேன், தள்ளுபடிக்குக் காத்திருக்கமாட்டேன்.